பத்தொன்பதாம் மனையில் இன்னொரு அறை

எந்த வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தாலும் அவர் முதலில் கேட்பது ஒன்றைத்தான். பென்சிலின் பின்பக்கத்தால் ஓர் அறையைத் தொட்டு, “இங்க யாரு படுப்பாவ?” என்பார். பதில் வந்த பிறகே பென்சில் அடுத்த அறைக்கு நகரும். நீள அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், தரைக்கு என்ன கல் என்பதெல்லாம் அப்புறம்.

செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடியில் இருந்த எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் அவர் பாய். நான் மட்டும் அண்ணே என்று கூப்பிடுவேன். அவர் தாராவியில் பிறந்தவர், குடும்பம் கடையநல்லூர்ப் பக்கம். எங்களுடையது அம்பாசமுத்திரம். ஆபீஸில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான் இருந்தோம். அவர் டிராஃப்ட்ஸ்மேன், ஐ.டி.ஐ.யில் படித்தவர், அப்போது ஐம்பதைத் தாண்டியிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. நான் விண்ணப்பங்களும் கடிதங்களும் பார்க்கிற வேலையில் இருந்தேன்.

கம்பெனி விற்றது ஒரு ஏரிக்கரையை. பன்வேலைத் தாண்டி, மலை இறங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஏரி. அதைச் சுற்றி முப்பத்திரண்டு வீட்டுமனைகள். மனையை வாங்கியவர் தன் இஷ்டத்துக்குக் கட்டிவிட முடியாது. அதற்கு ஒரு புத்தகம் உண்டு, டிசைன் புக் என்போம். கூரை சரிவாக, ஓடு போட்டதாக இருக்க வேண்டும். சுவருக்கு மண்ணின் நிறம் அல்லது கல்லின் நிறம். மதில் கூடாது, முழங்கால் உயரத்துக்குச் செடி வைத்துக்கொள்ளலாம். முன்வரிசையில் மாடி கூடாது, பின்வரிசைக்காரர்களுக்கும் தண்ணீர் தெரிய வேண்டும். வரைபடம் டிசைன் கமிட்டியில் பாஸ் ஆனால்தான் அஸ்திவாரம் தோண்டலாம்.

புத்தகத்தில் இருந்த படங்கள் எல்லாம் அவர் வரைந்தவை. கம்ப்யூட்டரில் வரைந்து பிரிண்ட் எடுத்த பிறகு பென்சிலால் அதில் ஆட்களைப் போடுவார். ஜன்னலோரம் நாற்காலியில் ஒருவர், படியில் செருப்பைக் கழற்றுகிற ஒருத்தி. கம்பெனியின் ஆர்க்கிடெக்ட் அவற்றை அழிக்கச் சொல்லுவார். கட்டடம்தான் தெரிய வேண்டும், ஆள் எதற்கு என்பது அவர் கட்சி. பாய் சரி என்று அழித்துவிட்டு அடுத்த படத்தில் மறுபடி போடுவார்.

தாணேயிலிருந்து ஒரு வியாபாரியும் மனைவியும் வந்தார்கள். நான்கு படுக்கையறை வேண்டும் என்றார்கள். பாய் ஹிந்தியில் கேட்டார். முதல் அறை அவர்களுக்கு. இரண்டாவது கனடாவில் இருக்கிற மூத்தவனுக்கு, மூன்றாவது ஆஸ்திரேலியாவில் இருக்கிற இளையவனுக்கு, நான்காவது விருந்தாளிகளுக்கு. மூத்தவர் கடைசியாக எப்போது வந்தார் என்று அவர் கேட்டார். அந்த ஆளின் முகம் சிவந்தது. வீடு கட்ட வந்தோமா, விசாரணைக்கு வந்தோமா என்று எழுந்துவிட்டார். மனைவி உட்கார்ந்தே இருந்தார். ஆறு வருஷம் ஆகிறது என்று மெதுவாகச் சொன்னார். பிறகு அந்த அம்மாள் பாயின் பென்சிலை வாங்கி இரண்டு அறைகளை அவரே அடித்தார்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. நான்கு அறை வீடு இரண்டறை வீடாகிப்போனால் கம்பெனிக்கு என்ன மிஞ்சும்? கூப்பிட்டுத் திட்டினார். பாய் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வந்தவர்களிடமும் அதையே கேட்டார்.

இன்னொருவர் கீழே இருக்கிற ஓர் அறையைக் காட்டி அம்மாவுக்கு என்றார். அம்மா இப்போது எங்கே என்றதற்கு முதியோர் இல்லத்தில் என்று பதில் வந்தது. வீடு முடிந்ததும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்றார். அந்த அறைக்காக அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்தார். குளியலறையைப் பக்கத்தில் கொண்டுவந்தார், வாசல்படியை எடுத்தார், சுவர் நெடுகப் பிடித்துக்கொண்டு நடக்கக் கம்பி வைத்தார், படுத்தபடியே ஏரி தெரியும்படி ஜன்னலைத் தாழ்த்தினார். வீடு முடிந்த பிறகு சைட்டுக்குப் போனோம். அந்த அறையில் நின்ற இடத்திலேயே ஓடிப் பழகுகிற மிஷின் ஒன்றும் எடை தூக்குகிற கம்பிகளும் இருந்தன. தாழ்ந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெரிய கண்ணாடி.

அவர் வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். கமிட்டிக்குப் போக வேண்டிய ஒரு வரைபடத்தில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. தாராவியில் ஒரு சந்துக்குள் அவருடைய தம்பியின் பட்டறை. பள்ளிக்கூடப் பைகள் தைக்கிற ஆறு மிஷின்கள். அதற்குமேல் ஏணி வைத்து ஏறுகிற மாலா, அதாவது நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு பரண் அறை. தம்பி குடும்பம் அடுத்த அறையில். அண்ணன் மேலே படுத்திருக்கிறாரா என்று கேட்டேன். தம்பியின் மனைவி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தார்.

“மச்சான் இங்க எங்கம்மா படுக்காவ? மாலாவ மூத்த பையனுக்குக் குடுத்தாச்சு. அவன் கல்யாணம் ஆயி ஒரு வருஷம் ஆவுது. மச்சான்தான் குடுக்கச் சொன்னாவ. ஆபீஸ்ல ரூம் தந்திருக்காவன்னு சொன்னாவளே?”

பையிலிருந்த வரைபடத்தை நான் வெளியே எடுக்கவே இல்லை.

ஆபீஸில் அப்படி ஒரு அறை கிடையாது. அங்கே இருந்தது மாடல் வைத்திருந்த ஹால். ஒரு பெரிய மேஜைமேல் கண்ணாடி ஏரி, பஞ்சு மரங்கள், தீப்பெட்டி அளவில் முப்பத்திரண்டு வீடுகள். அன்று எல்லோரும் கிளம்பிய பிறகு திரும்பிப் போய் அந்த ஹாலைப் பார்த்தேன். பெரிய பிரிண்ட் எடுக்கிற மிஷினுக்குப் பின்னால் ஒரு கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தது. அதற்குள் தலையணை. அவர் மாடல் மேஜையின் பக்கத்தில், காய்ச்சலோடு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த சத்தம் கேட்டுப் பாயைச் சுருட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார் போல. காலையில் எல்லோருக்கும் முன்னால் அவர் வந்துவிடுகிறார் என்று ஒரு வருஷமாக நாங்கள் மெச்சிக்கொண்டிருந்தோம்.

வரைபடத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். கீழே போய்க் கஞ்சி வாங்கி வந்து கொடுத்தேன்.

இதற்கப்புறம் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சைட்டில் ஆட்கள் தங்க இரண்டு குவார்ட்டர்ஸ் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. அதில் ஒன்றை அவருக்குத் தந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் பரிவோடு கேட்டுக்கொண்டார், பார்க்கலாம் என்றார். அடுத்த திங்கட்கிழமை ஆபீஸ் கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி இனிமேல் கீழே வாட்ச்மேனிடம் இருக்கும் என்றும், எட்டு மணிக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றும் நோட்டீஸ் ஒட்டினார்கள். குவார்ட்டர்ஸ் கட்டப்படவே இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவரிடம் சொல்லிவிட்டேன். நான்தான் மேனேஜரிடம் சொன்னேன் என்றேன்.

“தெரியும் தங்கச்சி. நீ நல்லதுக்குத்தான சொன்ன? சாப்பிடு” என்றார்.

அந்த மாதம் முழுக்க அவர் எங்கே படுத்தார் என்று எனக்குத் தெரியாது. சட்டை மட்டும் எப்போதும்போல இஸ்திரி போட்டதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிஸ்டர் வந்தார். விக்ரோலியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், சொந்த ஊர் தூத்துக்குடி. கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று ஒன்றும் பார்க்காமல் விட்டவர். சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு இருப்பதிலேயே சின்ன மனையை, பத்தொன்பதாம் எண்ணை, வாங்கியிருந்தார். அவருக்கு வேண்டியது ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும்தான். கமிட்டி அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டது. கூரைக்குக் கீழே ஆயிரத்து இருநூறு சதுர அடிக்குக் குறைந்து அங்கே வீடு கட்டக் கூடாது. குறித்த காலத்துக்குள் கட்டத் தொடங்காவிட்டால் மனை கம்பெனிக்கே திரும்பிவிடும். அவருக்கு நான்கு மாதம் மீதி இருந்தது.

தமிழ் பேசுகிறவர் என்பதால் எங்களிடம் அனுப்பினார்கள். அண்ணன் அந்த ஒரே அறையைப் பென்சிலால் தொட்டார்.

“இங்க யாரு படுப்பாவ?”

“நான்தான். வேற யாரு இருக்கா?”

கேட்க அடுத்த அறை இல்லாததால் அவர் பென்சிலைக் கீழே வைத்தார். சிஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் ஆட்களைப் பார்த்த பார்வை.

“நீங்க எங்க படுக்கிய?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்து அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்த்தார், பிறகு வரைபடத்தைப் பார்த்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

பத்து நாளில் அந்த வீட்டை வரைந்து முடித்தார். புத்தகம் சொல்லுவது கூரைக்குக் கீழே இருக்கிற பரப்பை. கூரைக்குக் கீழே சுவர் இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. அதனால் பெரிய ஓட்டுக்கூரை ஒன்றைப் போட்டு, அதற்கு நடுவில் சிஸ்டருக்கு ஓர் அறையும் சமையல்கட்டும் வைத்தார். மற்ற இடமெல்லாம் தூண்களும் தரையும் மட்டும், நாலு பக்கமும் திறந்து கிடந்தது. ஆயிரத்து இருநூற்றுப் பதினைந்து சதுர அடி. கமிட்டியில் மூன்று மணி நேரம் புத்தகத்தைப் புரட்டினார்கள். தடுக்க ஒரு வரியும் கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் சிஸ்டர் குடிபோனார். அதே சமயத்தில் அண்ணனும் சைட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் கிடந்த இரும்புக் கேபினில் தங்கி, கட்டுகிற வீடுகள் புத்தகப்படி வருகின்றனவா என்று பார்க்கிற வேலை. முப்பத்திரண்டில் அப்போது ஏழு வீடுகள் எழுந்திருந்தன. ஆறு வீடுகளுக்கு ஆட்கள் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை மாலை பூட்டிவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் அந்த ஏரிக்கரையில் சிஸ்டரும் அவரும் வாசல் வாட்ச்மேனும்தான்.

நான் மாதம் ஒரு தடவை பேப்பர்களோடு போவேன். மத்தியானச் சாப்பாடு அவருக்கு சிஸ்டர் வீட்டில்தான். தூணோரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு அதிகம் இருக்காது. தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது, எந்த வீட்டுக்காரர் இந்த வாரம் வரவில்லை என்று இரண்டொரு வார்த்தை. சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைத்துவிட்டு, வெயில் சாய்வதற்குள் கேபினுக்குத் திரும்பிவிடுவார். தாராவிச் சந்தில் இருப்பதுபோல வம்பு பேச அங்கே யாரும் இல்லை. இருந்தும் அவர் இருட்டிய பிறகு அந்த வீட்டில் இருந்ததே இல்லை என்று சிஸ்டர் சொன்னார்.

இரண்டாம் வருஷம், கேபின் கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு வீட்டுக்காரர் எழுதிப் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. வேலை நடக்கும்போது வைத்த தகரக் கொட்டகைகளைக் குறிப்பிட்ட காலத்தில் அகற்ற வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மழைக்கு முன்னால் கேபினை எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. அண்ணன் அதை வாசித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பக்கத்துக் கிராமத்தில் இடம் பார்க்கிறேன் என்றார்.

சிஸ்டர் விடவில்லை. அன்று நானும் இருந்தேன்.

“இவ்வளவு பெரிய கூரைய நீங்கதான போட்டிய? ஒரு பக்கம் சுவர் வச்சா ஒரு ரூம் ஆச்சு. அதுக்குப் போயி கிராமத்துல எதுக்கு அலையணும்?”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “கமிட்டில பாஸ் ஆகணும் சிஸ்டர்” என்றார்.

“ஆகட்டும். வரைங்க.”

வரைந்தார். இரண்டு வாரம் கழித்து வரைபடம் செம்பூருக்கு என் மேஜைக்கு வந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, ஏரியைப் பார்த்து ஒரு ஜன்னல். அவருடைய படங்களில் நான் பார்த்த சுத்தமான படம் அதுதான். பென்சில் ஆள் யாரும் அதில் இல்லை. விண்ணப்பத்தில் அறை எதற்கு என்ற கட்டம் காலியாக இருந்தது. போன் செய்து என்ன எழுத என்று கேட்டேன்.

“ஸ்டோர் ரூம்னு போட்டுரு” என்றார்.

ஸ்டோர் ரூமுக்கு ஏரிப்பக்கம் ஜன்னல் வைக்கக் கூடாது, புத்தகத்தில் இருக்கிறதே அண்ணே என்றேன். அது அவருக்குத் தெரியாததா?

“ஆமா” என்றார். அப்புறம், “அப்ப ஜன்னல எடுத்துரட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டத்தில் படுக்கையறை என்று நானே எழுதி அனுப்பினேன். என் வேலையில் இன்னொருவர் விண்ணப்பத்தில் நான் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். பாஸ் ஆனது.

சுவர் எழுந்தது, கட்டில் வந்தது. கேபினை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு அந்த அறைக்குப் போனார். வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாராம். உங்க ரூமுக்கு நீங்க என்னத்துக்குக் கேக்கிய என்றாராம் சிஸ்டர். எனக்கு ஒரு கடன் தீர்ந்ததுபோல இருந்தது. அன்று வீட்டில் பாயசம் வைத்தேன்.

பதினொரு நாள்தான் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் பெட்டியோடு பன்வேல் பஸ்ஸில் ஏறிவிட்டார். சண்டை எதுவும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று சொன்னாராம். பிறந்ததிலிருந்து ஒரு நாளும் சத்தமில்லாத இடத்தில் படுத்ததில்லை. ஆபீஸ் ஹாலில் இரவெல்லாம் ரயில் சத்தம் கேட்கும், கேபினில் வாட்ச்மேன் குறட்டை விடுவான். இங்கே கதவைச் சாத்தினால் காதுக்குள்ளே தன் ரத்தம் ஓடுவதுதான் கேட்கிறது என்றிருக்கிறார். கதவைத் திறந்து போட்டுப் படுங்கள் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். திறந்து போட்டும் பார்த்தார். பதினொரு நாளும் கட்டிலில் உட்கார்ந்தே விடிந்திருக்கிறது.

இதை சிஸ்டர்தான் எனக்குப் போனில் சொன்னார். குரலில் கோபம் இல்லை. சாப்பாடு இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன் என்று மட்டும் கடைசியில் சொன்னார்.

அவர் வேலையையும் விட்டுவிட்டார். தம்பியின் பட்டறையில் பைகளுக்கு அட்டையில் அளவு வெட்டிக் கொடுக்கிறார், மிஷின்களுக்கு நடுவே பாய் விரித்துப் படுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தாராவி எனக்குத் தூரமில்லை. ஒரு ரயில் மாறினால் போதும். நான் போகவில்லை. முதலில் அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு இத்தனை நாள் கழித்து எப்படிப் போவது என்று நினைத்தேன். அப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நானும் அந்தக் கம்பெனியிலிருந்து விலகிவிட்டேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சிஸ்டரைப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனேன். வீடுகள் இருபதுக்கு மேல் ஆகியிருந்தன, எல்லாம் ஒரே சாயலில், எல்லாம் பூட்டி. சிஸ்டருக்கு எழுபது நெருங்கிவிட்டது. முழங்காலில் வலி, மற்றபடி திடமாக இருக்கிறார். அந்த இரண்டாவது அறை திறந்தே கிடந்தது. கட்டிலில் துவைத்த துணிகளை மடித்து அடுக்கியிருந்தார்.

தூணோரம் ஒரு ஸ்டூல். அதன்மேல் சிஸ்டரின் போன், சார்ஜரோடு. அதிலிருந்து சடசடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. முதலில் போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கவனித்துக் கேட்டால் தையல் மிஷின்கள். ஐந்தாறு மிஷின்கள் ஒன்றாக ஓடுகிற சத்தம். நடுவில் யாரோ ஹிந்தியில் நூல் கேட்டார்கள். ஒரு கத்தரி அட்டையைக் கறுக் கறுக்கென்று வெட்டியது.

“தெனமும் பத்து மணிக்கு போன் அடிப்பாவ” என்றார் சிஸ்டர், முருங்கைக்கீரை ஆய்ந்தபடி. “அவுக இங்கேருந்து போன பொறவு ஒரு நா பேசயில, நீங்க இருந்த எடத்துல இப்ப சத்தமே இல்லாம எனக்கும் காது அடைக்குன்னேன். அப்பம் போனை மேசையில வச்சிட்டு வேலைய பாக்கப் போனவுக, கட் பண்ணல. அதுலேருந்து இப்படித்தான்.”

அரை மணிக்கு ஒரு தடவை சிஸ்டர் ஏதாவது சொல்லுவார். தண்ணீர் ஏறியிருக்கிறது, எட்டாம் எண் வீட்டில் ஓடு சரிந்திருக்கிறது. மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து “ம்” என்று பதில் வரும். அது அவர் குரல்தான்.

பேசுகிறாயா என்று சிஸ்டர் என்னிடம் சைகையில் கேட்டார். மிஷின்கள் நிற்கட்டும், அப்புறம் பேசுகிறேன் என்றேன். கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினார். இரண்டு பேரும் கேட்டபடி ஆய்ந்தோம். என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. நான் போனை எடுக்கக் கையைத் துடைப்பதற்குள் லைன் கட் ஆகிவிட்டது.

“வெள்ளிக்கெழமைல்லா, தொழப் போயிருப்பாவ” என்றார் சிஸ்டர். “இனி நாளைக்குத்தான்.” அவர் கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஏரியிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.